வெள்ளிக்கிழமைப் பரவல்

மைனஸ் இரண்டு நிமிடத்தில் ஒரு பல் பிடுங்கப்பட்டது. என் லேப்டாப்பில்தான். நான்காவது நோயாளி பத்தே முக்காலுக்கு உள்ளே போய், பத்து நாற்பத்து மூன்றுக்கு வெளியே வந்திருந்தார். நான் பதறிப்போய் எதிர் ஃபிளாட் கதவைத் தட்டினேன்.

பல் டாக்டர் வந்து எட்டிப்பார்த்தாள். எங்கள் எதிர் ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்த பெண். கல்யாணத்துக்குப் பிறகும் கணவரோடும், 'அம்மி' என்று அவள் கூப்பிடும் தாயாரோடும் அங்கேதான் இருக்கிறாள். திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, ஆள் வர்றதுக்கு முன்னாடியே பல்லைப் பிடுங்கிட்டேனா? இவ்வளவு கைராசியா எனக்கு?"

"சிரிக்காதே. இயல்நிலைப் பரவலை, அந்த மணி வடிவக் கோட்டைப் போட்டது என் தப்பு. அதுக்கு வால் ரெண்டு பக்கமும் நீளும். பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும்."

"வால் எல்லாம் வேணாம் மாமா. எத்தனை நாற்காலி வேணும்னு சொல்லுங்க, போதும்."

அதுதான் கேள்வி. மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட் காலியாக இருந்தது. அதை அவள் வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கிளினிக் தொடங்கப் போகிறாள். அதுவரை பல வருடங்களாக அடையாறில் வேறொருவரின் கிளினிக்கில் மாலை நேரங்களில் மட்டும் வேலை. இனிமேல் காலையில் தனக்கு, மாலையில் அங்கே. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் எங்கள் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். முன்னறையில் ஆறு நாற்காலிதான் கொள்ளும். ஏழாவது ஆள் நடையில் நிற்கக் கூடாது. நடை எல்லோருக்கும் பொது. ஒரு மாதம் பார்ப்பது, சரிப்பட்டால் பெயர்ப்பலகை, இல்லையென்றால் காலி செய்வது.

ஆறு போதுமா? அவள் சும்மா கேட்டாள். நான் சும்மா இருக்கவில்லை.

கல்லூரியில் முப்பத்தோரு வருடம் புள்ளியியல் நடத்தினேன். எண்ணுவது அதற்கும் முந்திய பழக்கம். பால்கனியில் உட்கார்ந்தால் பறக்கும் ரயில் தெரியும். எத்தனை ஜன்னலில் தலை தெரிகிறது என்று எண்ணாமல் எனக்குக் காப்பி இறங்காது. அந்த நாளில் எந்த ஒழுங்கும் இல்லாத ராண்டம் எண் வேண்டுமென்றால் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையைத் திறந்து, கண்ணை மூடி, விரலை வைப்போம். விரல் பழக்கத்தில் பக்கத்தின் நடுவிலேயே போய் விழும். கண்ணை மூடினாலும் விரலுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. இப்போது இலவசமாகக் கிடைக்கும், நிஜம் போல நடத்திக் காட்டும் ஒரு சிமுலேஷன் மென்பொருள் லட்சம் எண்களை நான் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்குள் கொட்டுகிறது. முதல்முறை அதைப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

இதில் என்னைத் துள்ள வைத்தது ஒன்று. இயந்திரத்துக்கு உள்ளுக்குள் தெரிந்தது ஒரே ஒரு வேலை. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சாயாமல், ஓர் எண்ணைத் தருவது. அவ்வளவுதான். அந்தச் சப்பென்ற எண்ணை நாம் வளைத்துக்கொள்ள வேண்டும். கிளினிக்குக்குச் சராசரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஓர் ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணின் இயல் மடக்கையை, அதாவது லாகை எடுத்து, குறியை மாற்றி, பதினைந்தால் பெருக்கினால் அடுத்த ஆள் வர எத்தனை நிமிடம் என்று கிடைத்துவிடும். 0.5 வந்தால் பத்தரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 0.9 வந்தால் ஒன்றரை நிமிடத்தில் அடுத்தவர் செருப்பைக் கழற்றுகிறார். 0.05 வந்தால் முக்கால் மணி நேரம் ஈ ஓட்ட வேண்டியதுதான். இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு வருவதும், பிறகு நீளமாக ஒன்றும் இல்லாமல் கிடப்பதும், கடைத்தெருவில் நாம் தினமும் பார்ப்பது. அது ஒரு மடக்கைக்குள் இருக்கிறது!

ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரத்துக்கு முக்கோணப் பரவலைப் போட்டேன். குறைந்தது நான்கு நிமிடம், அதிகம் இருபது, பெரும்பாலும் எட்டு. இதில் மைனஸ் வர வழியில்லை. துணைக்கு ஆள் வருவதற்கும் ஓர் எண். பாதிப் பேருக்காவது துணை இல்லாமல் பல் டாக்டரிடம் போகத் தைரியம் கிடையாது. இந்தக் கணக்கெல்லாம் அடையாறில் அவள் பார்த்த மாலைகளிலிருந்து எடுத்தது. ஆயிரம் நாள் ஓட்டினேன். நூறு நாளில் ஆறு நாள்தான் ஆறு நாற்காலி போதாமல் போனது.

"அந்த ஆறு நாள் என்னைக்கு மாமா?" என்று கேட்டாள் டாக்டர்.

"அது தெரிஞ்சா அதுக்குப் பேர் ராண்டம் இல்லையே."

"நல்லா இருக்கு. ஜோசியக்காரர்கூட நாள் சொல்வாரு."

ஒரு வியாழக்கிழமை கிளினிக் தொடங்கியது. காலை பத்து முதல் ஒன்று வரை. வரவேற்பு மேஜையில் அவள் கணவர் உட்கார்ந்தார். ராயப்பேட்டைக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மதியத்துக்கு மேல்தான் கடைக்குப் போவார். நான் கீழே போவதும் வருவதுமாக இருந்தேன். ஒரே சமயத்தில் அதிகமாக உட்கார்ந்திருந்தது நான்கு பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் ஓடியது கண்ணெதிரே ஓடுகிறது! மறுநாளும் பார்க்கலாம் என்று ஒன்பதரைக்கே சட்டை மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

பத்து மணிக்கு ஒருவர் வந்தார். பத்து இருபதுக்கு இன்னொருவர். பிறகு யாரும் இல்லை. பதினொன்றாயிற்று. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார், பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஆறு நாற்காலியும் காலி.

"இன்னா சார், கம்ப்யூட்டர் இன்னா சொல்து?" என்றார் டாக்டரின் கணவர். "இந்நேரம் நாலு பேர் வந்திருக்கணும்ல?"

"சில நேரம் நீளமா இடைவெளி விழும், மாப்பிள்ளை. 0.05 விழுந்திருக்கு."

"அந்தப் பாயின்ட் ஜீரோ அஞ்சைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க சார். பன்னண்டரைக்கு நான் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பணும். வெள்ளிக்கிழமை அத்தோட மூடிடுவோம்."

பன்னிரண்டை நெருங்கும்போது மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இப்படி ஒரு வெறுமை ஆயிரத்தில் சில நாள்தான் விழும். இரண்டாம் நாளே விழுந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. அபூர்வமான ஒன்றை நேரில் பார்க்கிறோம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு வாசல் கேட் கிறீச்சிட்டது. ஓர் அம்மாள், கூட மகள். பின்னாலேயே இரண்டு ஆட்டோ. அதற்குள் நடந்து வந்தவர்கள் மூன்று பேர். பத்து நிமிடத்துக்குள் பதினோரு தலை. ஆறு பேர் உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் நடையில் நின்றார்கள், மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்கள், ஒருவர் மோட்டார் ஸ்விட்ச் பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டார். உள்ளே டாக்டர் ஒருவரைத்தான் பார்க்க முடியும். அவள் கணவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கூட்டத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

இந்த நேரம் பார்த்துச் செயலாளர் கீரைக்கட்டோடு வந்தார். வழி இல்லை. ஒவ்வொருவரையும் தள்ளி நிற்கச் சொல்லி, படியை அடைந்து, திரும்பி நின்றார்.

"இதைத்தான் நான் சொன்னேன். இன்னொரு வெள்ளிக்கிழமை இப்படி ஆச்சுன்னா ஒரு மாசமெல்லாம் கிடையாது. அன்னிக்கே முடிவு."

டாக்டர் கையுறையோடு கதவருகே வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்தவரை உள்ளே அழைத்தாள். அவள் கணவர் அன்று ஜும்மாவுக்குத் தாமதமாக ஓடினார்.

மாடிக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மென்பொருள் கெட்டுவிட்டதா? வரும் எண்கள் சாய்கின்றனவா? சோதித்துப் பார்த்தேன், தங்கம் போல இருந்தன. பின்னே எங்கே தப்பு? மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். நான் அவளிடம் புலம்பினேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஈ காக்கை இல்லை, பன்னிரண்டு அடித்ததும் மடை திறந்துவிட்டது, இது எந்தப் பரவலிலும் அடங்காது.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏன்னா, இதுல ராகுகாலம் போட்டேளா?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு. தமிழ் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், காலண்டரில் அச்சடித்திருக்கிறது. நான் பார்ப்பதில்லை என்பதால் உலகமும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டுவிட்டேன். டாக்டருக்கும் தோன்றவில்லை. அடையாறில் அவள் பார்த்ததெல்லாம் வார நாட்களின் மாலை வேளை. அப்போது ராகுகாலமே கிடையாது. நேற்று வியாழன், அதன் ராகுகாலம் ஒன்றரைக்கு மேல்தான். நாங்கள் இருவரும் சேர்ந்து, ராகு இல்லாத நேரங்களை மட்டும் பார்த்து ஓர் ஊரைக் கணித்திருந்தோம்.

"நீங்க பார்க்கறதில்லைன்னு யார் சொன்னா?" என்றாள் மனைவி. "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என்னிக்காவது வெளியில போயிருக்கேளா? பேங்க்குக்குக் கிளம்பறச்சே சட்டைக்கு இஸ்திரி ஆகலை, பட்டன் இல்லைன்னு நான் நிறுத்தி வெப்பேனே, எதுக்குன்னு நெனச்சேள்?"

எத்தனையோ எண்ணியிருக்கிறேன், என் சட்டையின் பட்டன்களை எண்ணவில்லை. ஆனால் அன்று எனக்கு வெட்கப்பட நேரம் இல்லை. விரல் துறுதுறுத்தது. வரும் வேகம் நாள் முழுதும் ஒன்றல்ல! அதை நேரத்தோடு மாற வைக்க வேண்டும். ராகுகாலத்தில் வர வேண்டிய ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் எண் எடுப்பது. பத்துப் பேரில் எத்தனை பேர் தள்ளிப் போடுவார்கள் என்று மனைவியைக் கேட்டேன்.

"எட்டுப் பேர். மீதி ரெண்டு பேருக்கு வலி தாங்கலைன்னு அர்த்தம்."

எண் 0.8-க்குக் கீழே விழுந்தால் அந்த ஆளைப் பன்னிரண்டு மணி வரை வீட்டிலேயே நிறுத்தி, பிறகு அவிழ்த்து விட்டேன். ஓட்டினேன். திரையில் காலைக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்து, பன்னிரண்டு மணிக்குச் செங்குத்தாக எழுந்தது. எட்டுத் தலை. பதினோரு தலை. பத்து. அன்று கீழே நடந்த வெள்ளிக்கிழமை என் மேஜைமேல் நூறு முறை நடந்தது! நான் எழுந்து நின்று கைதட்டினேன். எதிர் ஃபிளாட்டிலிருந்து டாக்டரும் அவள் கணவரும் வந்துவிட்டார்கள்.

"மாமா, நடக்கறது தெரிஞ்சுபோச்சு, சரி. நடக்காம இருக்க வழி?" அவள் குரலில் விளையாட்டு இல்லை. அடையாறில் மாலை வேலையை விடும் எண்ணத்தில் இருந்தாள். இந்த இடமும் போனால் வேறு இடம் தேடிப் பிடிக்க எத்தனை காலமாகுமோ.

"அப்பாயின்ட்மென்ட் குடுத்துடலாமே," என்றேன்.

"அடையாறுல குடுத்துப் பார்த்தோம். சாயங்காலம் ஆறுன்னா அது நம்மாளுக்குக் குளிக்கப் போற நேரம். இங்க ராகுகாலத்துல பதினொண்ணுக்கு வாங்கன்னா போனையே வெச்சுடுவாங்க."

மனைவி கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். "வந்து சேர்ற நேரத்துக்குத் தோஷம் கிடையாது," என்றாள். "ஆரம்பிக்கற நேரந்தான் கணக்கு. நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சுன்னா அப்புறம் ராகுகாலம் வந்தா என்ன, எமகண்டம் வந்தா என்ன. நான் காசிக்குப் போறச்சே பரஸ்தானம் வெச்சேனே, உங்காத்துலதான்."

டாக்டரின் கணவர் விழித்தார். "இன்னா மாமி வெச்சீங்க எங்க வீட்ல?"

டாக்டருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னாள். "மாமி ஊருக்குப் போறதுக்கு முதல் நாள், நல்ல நேரத்துல, ஒரு பையை எங்க ஹால்ல கொண்டுவந்து வெச்சுட்டாங்க. வெச்சதும் பயணம் கிளம்பிட்ட மாதிரி. மறுநாள் எந்த நேரத்துலயும் போலாம். அம்மி அந்தப் பையை யாரையும் தொட விடல."

"அதான்," என்றாள் மனைவி. "பத்தரைக்கு முன்னாடி எல்லாருக்கும் டோக்கன் போட்டுடுங்கோ. டோக்கன் வாங்கியாச்சுன்னா வைத்தியம் ஆரம்பிச்சாச்சு."

"போன்ல வாங்கினா செல்லுமா?" எனக்கு அதிலும் கவலை.

"போன்லயே பொண்ணு பார்த்து நிச்சயம் பண்றா. டோக்கன் ஆகாதா?"

"நேரம் எழுத வேணாம், நம்பர் மட்டும்," என்றாள் டாக்டர். கண்கள் மின்னின. "டோக்கன்தான் பரஸ்தானம்!"

அவள் பேசி முடிப்பதற்குள் நான் 0.8-ஐ 0.2 ஆக்கி ஓட்டிவிட்டேன். படுத்துக் கிடந்த கோடு எழுந்து உட்கார்ந்தது. பன்னிரண்டு மணிச் செங்குத்து கரைந்தது. நூறு வெள்ளியில் எட்டு வெள்ளி மட்டும் ஏழாவது தலை. ஆனால் அந்த 0.2 என் ஊகம். ஊகத்தை எத்தனை லட்சம் முறை ஓட்டினாலும் அது ஊகம்தான். அந்த ஒரு வாரமும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நடுவில் வந்த சனிக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் டோக்கனை வைத்துப் பார்த்தோம். அந்த நாட்களில் ராகுகாலம் ஒரு ஓரத்தில்தான் உரசிப் போகும், அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் போனில் பதினோரு டோக்கன். நான் கீழே இறங்கப் போனேன். டாக்டரின் கணவர் படியிலேயே மறித்தார்.

"சார், நீங்க வந்தா ஒரு தல கூடிடும். மேலயே இருங்க. உங்க கம்ப்யூட்டர்ல உங்களைச் சேக்கலல்ல?"

சேர்க்கவில்லை. முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கிருந்து கிளினிக்கின் முன்னறை தெரியாது, வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் மட்டும் தெரியும். அவற்றை எண்ணினேன். பத்தரை. இரண்டு ஜோடி. இனிமேல்தான் பரீட்சை. பத்து நாற்பது, கேட் திறக்கவில்லை. பத்து ஐம்பது, திறக்கவில்லை. பத்து ஐம்பத்து மூன்றுக்கு ஒரு பெரியவர் பேரப்பிள்ளையோடு வந்தார். ராகுகாலத்தின் நட்டநடுவில், சாவகாசமாகச் செருப்பைக் கழற்றினார்! நான் மாடியிலிருந்து ஒரு குதி குதித்திருப்பேன், முழங்கால் விடவில்லை. பிறகு ஒரு பெண். பிறகு இருவர். விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல், நான் இத்தனை நாள் திரையில் பார்த்த அதே ஒழுங்கின்மையோடு வந்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு ஏழு ஜோடி, அதில் ஒன்று உள்ளே டாக்டரிடம் இருப்பவருடையது. நாற்காலி நிரம்பிவிட்டது. அதே நேரம் தெருவில் ஓர் ஆட்டோ நின்றது. ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். என் பின்னால் செருப்புச் சத்தம். செயலாளர் இறங்கி வருகிறார். அந்த எட்டு வெள்ளியில் ஒன்று இன்றைக்குத்தான் என்று முடிவு செய்தேன். நூறில் தொண்ணூற்றிரண்டு என்பதெல்லாம் நூறு வெள்ளி வைத்திருப்பவனுக்கு. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

ஆட்டோக்காரருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டு அவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கிளினிக் கதவு திறந்தது. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பெரியவரும், கூடவே பேரனும் வெளியே வந்தார்கள். இரண்டு ஜோடி போயிற்று, இரண்டு ஜோடி வந்தது. செயலாளர் நடையின் நடுவில் நின்று இடமும் வலமும் பார்த்தார். வெறும் நடை.

டாக்டரின் கணவர் தலையை நீட்டினார். "சார், நடையில ஆள் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நவுருங்க சார்."

மேலேயிருந்து என் சிரிப்பை அடக்க முடியவில்லை. செயலாளர் அண்ணாந்து என்னைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

"சரிப்பா. ஒரு மாசம் எதுக்கு? போர்டை மாட்டிக்கோங்க."

"இப்பவே மாட்டிடறேன் சார்," என்று மாப்பிள்ளை சுத்தியலைத் தேடி உள்ளே ஓடினார்.

"இப்போ வேண்டாம்!" எங்கள் வாசலிலிருந்து மனைவியின் குரல். "பன்னண்டு ஆகட்டும்!"

"பன்னண்டரைக்கு ஜும்மா, மாமி!"

"நடுவுல அரை மணி இருக்கோல்லியோ? ஒரு ஆணிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அதற்கும் ஒரு முக்கோணப் பரவல் போடலாம் என்று என் மனம் ஓடியது. பன்னிரண்டு அடித்ததும் நான் கீழே போனேன், இந்த முறை யாரும் மறிக்கவில்லை. பலகையின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைச் செயலாளர் பிடித்தார். டாக்டர் அடுத்த டோக்கனை அழைக்க வந்தவள் எங்களைப் பார்த்து நின்றாள்.

"மாமா, உங்க பக்கம் இறங்கியிருக்கு," என்றாள். "ஒரு விரல் ஏத்துங்க."